டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரும் கரண்டு வைத்தியமும்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயரைக் கேள்விப்படாத தாய்மார் நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அரிது. கருவுற்ற பெண்களுக்கு அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரால்தான் நடந்து வருகிறது. வெள்ளிமலையிலிருந்து பஸ் ஏறி இறங்கி வரும் தாய்மாரும் அப்பெயரைத் தடங்கலின்றிச் சொல்வார்கள். ஆனால் அந்த முத்துலட்சுமி யார், எந்த ஊரில் பிறந்தார், என்ன செய்தார் என்று கேட்டால் பெரும்பாலோர் விழிப்பார்கள். சென்ற ஆண்டு வரை நாங்களும் அப்படித்தான் விழித்திருப்போம்.

இவ்வாண்டு மலருக்கு அவருடைய வரலாற்றை எழுத முற்பட்டதற்கு ஒரு கேள்வி காரணம். எங்கள் விடுதியில் கல்வராயன் மலையிலிருந்து வந்து தங்கிப் படிக்கும் மாணவியர் பலர் உள்ளனர். அவர்கள் மலையாளி இனத்தவர். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று எண்ணிவிட வேண்டாம்; மலையையே தம் நாடாகக் கொண்ட தமிழ் மக்கள் அவர்கள். அம்மாணவியருள் ஒருத்தியின் தாத்தாவுக்கு நெடுநாளாக இருமல். வாழ்நாளெல்லாம் பீடி பிடித்தவர். போதாததற்கு, புகைபோக்கி இல்லாத குடிசையில் விறகடுப்புப் புகை. இருமல் என்றதும் காசநோய் என்றே எண்ணி, ஆறு மாதம் அதற்குரிய மாத்திரைகளைக் கொடுத்தார்கள். சளியில் இரத்தம் வரத் தொடங்கிய பிறகுதான் நகரத்துப் பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றார்கள். நுரையீரலில் புற்றுநோய், முற்றிய நிலை, அறுவைச் சிகிச்சைக்கு வழியில்லை, கரண்டு வைக்கலாம் என்றார்கள் மருத்துவர்கள். அதுவும் இரண்டே முறை. ஒரு முறைக்கும் மறுமுறைக்கும் ஒரு வாரம் இடைவெளி.

அதே வார்டில் அடுத்த கட்டிலில் இருந்த நகரவாசி ஒருவருக்கும் அதே நுரையீரல் நோய்தான். அவருக்கோ ஆறு வாரம், முப்பது முறை. இதைக் கண்ட வீட்டார் உள்ளம் புழுங்கினர். அவருக்கு முப்பது, நமக்கு இரண்டா? மலைக்காரர், கையில் காசில்லாதவர் என்பதனால் சீக்கிரம் அனுப்பி வைக்கிறார்களா? விடுமுறை முடிந்து திரும்பிய அம்மாணவி இதை எங்களிடம் கேட்டபோது எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அறிவியல் பாடம் எடுக்கும் அருட்சகோதரியிடம் போய் நின்றோம். அவர் உடனே விடையைச் சொல்லாமல் நூலகத்திலிருந்து சில புத்தகங்களை எடுத்துக் கையில் கொடுத்து விட்டார். அவற்றைப் படிக்கப் புகுந்தபோதுதான் முத்துலட்சுமி அம்மையாரைச் சந்தித்தோம்.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் அவ்வூர் மகாராஜா கல்லூரியின் தலைவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அத்திருமணத்தின் பொருட்டுத் தந்தையின் சுற்றத்தார் அவரை ஒதுக்கி வைத்தனர். பெண் பருவம் எய்தியதும் படிப்பை நிறுத்தி மணமகன் தேடுவதே அந்நாளைய வழக்கம். தாயும் அதையே விரும்பினார். மகளோ புத்தகத்தை விடவில்லை. தந்தை வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுக்க, 1902-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது ஆண்கள் படிக்கும் இடத்தில் பெண்ணா என்று ஊரே எதிர்த்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டார். ஒரு மன்னரின் ஒற்றை ஆணை தமிழ்நாட்டுக்கு எவ்வளவு பெரிய ஊதியமாயிற்று என்பதை அவரே அன்று அறிந்திருக்க மாட்டார்.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். உடல் மெலிந்தவர், ஆஸ்துமாத் தொல்லை உடையவர். மூச்சு விடவே திணறும் பெண் இவ்வளவு கடினமான படிப்பை எப்படித் தாங்குவாள் என்று தந்தையே அஞ்சினாராம். 1912-இல் சிறப்புப் பரிசுகளோடு பட்டம் பெற்று வெளிவந்தார். இந்தியாவிலேயே முதன்முதலாக மருத்துவப் பட்டம் பெற்ற ஒருசில பெண்மணிகளில் இவரும் ஒருவர். எழும்பூர்ப் பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றினார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை விதித்த பிறகே இசைந்தார். சுந்தர ரெட்டி அச்சொல்லைக் காத்தார் என்பதை அம்மையாரின் பிற்கால வாழ்வே காட்டுகிறது.

அவ்வாழ்வில் பேரிடியாக வந்து விழுந்தது தங்கையின் நோய். இளவயதுப் பெண். வயிற்றுப்போக்கும் இரத்தமும் கண்டு சீதபேதி என்று மருந்து கொடுத்தார்கள். குணமாகவில்லை. மேலும் மருந்து கொடுத்தார்கள். மலக்குடலில் புற்றுநோய் என்று கண்டறிந்தபோது காலம் கடந்து விட்டது. அக்காள் டாக்டர், அத்தான் டாக்டர். பட்டணத்தின் பெரிய வைத்தியர்கள் எல்லாரும் பழக்கமானவர்கள். இருந்தும் என்ன? அந்தப் பெண் வலியில் துடித்துத் துடித்து இறந்தாள். சீதபேதி என்று நாட்களைக் கடத்திய அந்தப் பட்டணத்து வீட்டுக்கும், காசநோய் என்று ஆறு மாதம் கடத்திய நம் மலைக் குடிசைக்கும் நடுவே நூறு ஆண்டுகள் இருக்கின்றன. இவ்விடத்தைப் படித்தபோது எங்களுள் யாரும் சற்று நேரம் பேசவில்லை.

1925-இல் அரசு உதவித்தொகை பெற்று மேற்படிப்புக்காக அம்மையார் குடும்பத்தோடு லண்டன் சென்றார். பெண்கள், குழந்தைகள் நோய்களைக் கற்பதே பயணத்தின் நோக்கம். ஆயினும் அவர் கால்கள் புற்றுநோய் மருத்துவமனையை நாடிச் சென்றன. இன்று ராயல் மார்ஸ்டன் எனப் பெயர் பெற்றுள்ள அம்மருத்துவமனையின் கதையும் ஒரு துயரக் கதைதான். வில்லியம் மார்ஸ்டன் என்ற மருத்துவர் தம் மனைவி எலிசபெத்தைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1851-இல் அந்நோய்க்கென்றே ஒரு மருத்துவமனையைத் தொடங்கி, ஏழைகளைக் காசு வாங்காமல் சேர்த்துக்கொண்டார். தங்கையை இழந்த அம்மையார் அந்தக் கட்டிடத்துக்குள் என்ன எண்ணத்தோடு நடந்திருப்பார்! அங்கே ஒன்றைக் கண்கூடாகக் கண்டார்: காலத்தோடு வந்தால் இந்நோயும் குணமாகும்.

1926-இல் பாரிஸ் நகரில் கூடிய உலக மகளிர் மாநாட்டில் இந்தியப் பெண்களின் சார்பில் கலந்து கொண்டார். அக்காலத்தில் அதே பாரிஸில், மேரி கியூரி அம்மையாரின் பெயரோடு பிணைந்த ரேடியம் நிலையத்தில், நம் கதைக்கு மிகவும் வேண்டிய ஒரு வேலை நடந்து கொண்டிருந்தது. கதிர்களை ஒரே நாளில் மொத்தமாகச் செலுத்தினால் நோயோடு நல்ல சதையும் வெந்து போகிறது. அதையே சிறு சிறு பங்காகப் பல நாள் செலுத்தினால் நோய் கரைகிறது, நல்ல சதை பிழைத்துக் கொள்கிறது என்பதை அங்கிருந்த மருத்துவர்கள் கண்டறிந்து வந்தார்கள். நம் வயலில் களை முளைத்தால் என்ன செய்கிறோம்? முதற்களை, இரண்டாங்களை என்று நாள் விட்டு நாள் எடுக்கிறோம். இடையே பயிர் நிமிர்ந்து கொள்கிறது. களைக்கோ அந்த வலு இல்லை. நல்ல அணுக்கள் இரவோடு இரவாகத் தம் காயத்தைச் சரி செய்து கொள்ளும் அளவுக்குப் புற்று அணுக்களால் செய்துகொள்ள முடிவதில்லை. முப்பது முறை கரண்டு வைப்பதன் அடிப்படை இதுதான்.

தாயகம் திரும்பிய அம்மையாரைப் பொது வாழ்வு பிடித்துக் கொண்டது. சென்னைச் சட்டமன்றத்தில் இடம் பெற்ற முதல் பெண்மணி, அதன் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்மணி என்பனவெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. தேவதாசி முறையை எதிர்த்து அவர் நடத்திய போராட்டம் 1947-இல்தான் முழுச் சட்டமாகக் கனிந்தது. காந்தியடிகள் கைதானபோது 1930-இல் பதவியை உதறினார். எந்த விடுதியும் ஏற்க மறுத்த சில இளம்பெண்கள் அடைக்கலம் தேடி வந்தபோது தம் வீட்டிலேயே வைத்துக் காத்தார். அதுவே ஔவை இல்லமாக வளர்ந்தது. இவற்றைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். இங்கே நாம் தங்கையின் நினைவு அவரை எங்கே இழுத்துச் சென்றது என்பதை மட்டும் தொடர்வோம்.

1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா மேடையில், புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை அமைக்கப் போவதாக அறிவித்தார். அறிவித்தது எளிது. கேட்டவர்கள் கைதட்டியிருப்பார்கள், பணம் தந்தவர்கள் இல்லை. அரசு வட்டாரத்தில் அந்நாளைய எண்ணமே வேறு. புற்றுநோய் வந்தவர் எப்படியும் இறக்கப் போகிறவர், அவருக்கு எதற்குத் தனி மருத்துவமனை என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியைப் பெரும் பதவியில் இருந்தவர்களே கேட்டார்கள் என்பதை எண்ணும்போது இன்றும் நமக்குக் கோபம் வருகிறது. அம்மையார் கோபத்தில் நேரம் போக்கவில்லை. 1949-இல் இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றைத் திரட்டத் தொடங்கினார். இளைய மகன் கிருஷ்ணமூர்த்தியும் மருத்துவர். வெளிநாட்டில் புற்றுநோய்ச் சிகிச்சையைக் கற்றுத் தேர்ந்து, தாயின் பக்கத்தில் வந்து நின்றார்.

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் பிரதமர் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-இல் மருத்துவமனை திறந்தது. மொத்தம் 12 படுக்கைகள். எங்கள் விடுதியின் ஒரு கூடத்திலேயே அதைவிடக் கூடுதலான கட்டில்கள் இருக்கின்றன! அம்மையாருக்கு அப்போது வயது 68 நிறையப் போகிறது. அந்த வயதில் பெரும்பாலோர் பேரக் குழந்தைகளோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். மறு ஆண்டு, எழும்பூரில் தமக்குக் கிடைத்த நிலையான அரசு வேலையை வேண்டாமென்று விட்டு, சாந்தா என்னும் இளம் மருத்துவர் அங்கே வந்து சேர்ந்தார். அப்படி வந்தவர் 2021-இல் மறையும் வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவே இல்லை.

படுக்கை போட்டாயிற்று, புற்றுநோயைத் தாக்கும் ஆயுதம் வேண்டுமே? அந்நாளில் இருந்த எக்ஸ்ரே இயந்திரங்களின் கதிர்கள் தோலின் மேல்தான் மிக வலுவாகப் பாய்ந்தன. உள்ளே நுரையீரலிலோ கருப்பையிலோ இருக்கும் கட்டிக்கு வேண்டிய அளவு போய்ச் சேருவதற்குள் மேல்தோல் சிவந்து வெந்து புண்ணாகி விடும். உலை கொதிப்பதற்குள் அடுப்பங்கரையே பற்றிக் கொள்வது போல. இந்த இக்கட்டுக்கு விடை கனடாவிலிருந்து வந்தது. அணு உலையில் வைத்து எடுத்த கோபால்ட் 60 என்னும் உலோகத்தின் கதிர்களைக் கொண்டு 1951-இல் அந்நாட்டின் இரண்டு நகரங்களில் சில நாள் இடைவெளியில் நோயாளிகளுக்குச் சிகிச்சை தொடங்கினார்கள். அவற்றுள் சஸ்கட்டூன் என்னும் நகரில், இக்கதிர்கள் உடலுக்குள் எந்த ஆழத்தில் எவ்வளவு சேர்கின்றன என்று அளந்து கணக்கிட்டவர்களில் சில்வியா பெடோருக் என்ற இளம்பெண் ஒருவர். இயற்பியல் எங்களுக்கு வராது என்று சொல்லும் தோழியர் இப்பெயரைக் குறித்துக் கொள்க. பிற்காலத்தில் தம் மாகாணத்தின் ஆளுநர் பதவியிலேயே அவர் அமர்ந்தார்.

கோபால்ட் கதிர் தோலில் மெல்லத் தட்டி, அரை சென்டிமீட்டர் உள்ளே சென்ற பிறகே முழு வலுப் பெறுகிறது. பத்து சென்டிமீட்டர் ஆழத்திலும் அந்த வலுவில் பாதிக்கு மேல் எஞ்சி நிற்கிறது. தோல் பிழைத்தது; ஆழத்தில் இருந்த கட்டி அகப்பட்டது. இத்தகைய இயந்திரம் கனடாவிலிருந்து கப்பலேறி 1957-இல் அடையாற்றுக்கு வந்து சேர்ந்தது. இந்தியாவிலேயே முதன்முதலாக அமைந்த கோபால்ட் இயந்திரம் அது. செல்வந்தர்களின் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை, டெல்லிக்கும் போகவில்லை. எப்படியும் சாகப் போகிறவர்களுக்கு எதற்கு என்று ஏளனம் செய்யப்பட்ட அந்தச் சிறு மருத்துவமனைக்கு வந்தது. அங்கே வந்து கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் வாய்ப்புற்றும் கருப்பைவாய்ப் புற்றும் கண்ட ஏழைகள். அந்த 1957-இல் நம் கல்வராயன் மலை இன்னும் ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. 1976-இல்தான் அது நேரடியாக அரசின் கீழ் வந்தது. மலையில் ஒருவருக்குப் புற்றுநோய் கண்டிருந்தால் அடையாறு வரை யார் கொண்டு சேர்த்திருப்பார்கள்? சென்னை இங்கிருந்து ஏறக்குறைய 250 கிலோமீட்டர். மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கவே ஒரு நாள் நடை.

நம் ஊர்ப்பக்கம் இதைக் கரண்டு வைப்பது என்கிறோம். மின்சாரம் பாய்ச்சுவார்கள் என்று பயந்து பாதி வழியில் திரும்பியவர்களும் உண்டு. அப்படி ஒன்றுமில்லை. நோயாளி மேசையில் அசையாமல் படுத்திருப்பார். ஊசி இல்லை, கத்தி இல்லை, அந்த நேரத்தில் வலியும் இல்லை. தடித்த சுவருக்கு அப்பால் நின்று இயக்குவார்கள். சில நிமிடங்களில் முடிந்து விடும். கோபால்ட் 60 ஐந்தேகால் ஆண்டுகளில் பாதி வலுவை இழந்து விடும். மாதத்துக்கு ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு தேய்கிறது. ஆகையால் சென்ற மாதம் வைத்த நிமிடக் கணக்கை இம்மாதமும் வைத்தால் அளவு குறைந்து விடும். ஒவ்வொரு நோயாளிக்கும் கணக்குப் போட்டே தீர வேண்டும். கணக்கு வகுப்பில் நாம் முணுமுணுக்கும் அடுக்குக்குறி அங்கே ஒருவரின் உயிரைத் தீர்மானிக்கிறது. இன்று பல மருத்துவமனைகளில் கோபால்ட்டின் இடத்தை மின்சாரத்தால் இயங்கும் லீனியர் ஆக்ஸிலரேட்டர் இயந்திரங்கள் பிடித்து விட்டன. கரண்டு என்ற பெயர் ஒருவாறு பொருத்தமாகி விட்டது என்று சிரித்துக் கொண்டோம்.

சரி, எவ்வளவு வைப்பது? கதிர் அளவைக் கிரே என்ற அலகால் சொல்கிறார்கள். நுரையீரல் வயிற்றைப் போலவோ காலைப் போலவோ இல்லை. பக்கத்திலேயே இதயம், நடுவே உணவுக்குழாய், பின்னால் தண்டுவடம். நல்ல நுரையீரலும் கதிரைத் தாங்காத மெல்லிய உறுப்பு. ஆகவே கட்டிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு கிரேயும் இவற்றைக் கேட்டுக் கொண்டே போக வேண்டியிருக்கிறது. மார்புக்குள்ளேயே நின்று, உடலின் பிற பாகங்களுக்குப் பரவாத நோய்க்கு 40, 50, 60 கிரே என்று கொடுத்து ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வொன்று அம்மையார் மறைந்த பின், 1970-களில் நடந்தது. 60 கிரே பெற்றவர்களிடம் கட்டி நன்கு அடங்கியது. ஒரு நாளைக்கு 2 கிரே வீதம் 30 நாள், ஆறு வாரம் என்ற முறை அதன்பின் நிலைபெற்றது. அடுத்த கட்டில் நகரவாசிக்குக் கொடுத்தது இதைத்தான். அவருடைய நோய் பரவாதது. உடம்பில் தெம்பும் இருந்தது. குணப்படுத்தும் நோக்கத்தோடு, மருந்தும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

60 நல்லது என்றால் 74 இன்னும் நல்லதுதானே? மருத்துவ உலகமே அப்படித்தான் எண்ணியது. எண்ணியதோடு நில்லாமல் சோதித்தும் பார்த்தார்கள். பரவாத, ஆனால் அறுவைக்கு எட்டாத நுரையீரல் புற்றுடைய ஐந்நூற்றுக்கு மேற்பட்டவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 60 கிரே, மறு பிரிவுக்கு 74 கிரே கொடுத்த ஆய்வின் முடிவு 2015-இல் வெளியானது. 60 கிரே பெற்றவர்களில் பாதிப்பேர் 28.7 மாதத்துக்கு மேல் வாழ்ந்தார்கள். 74 கிரே பெற்றவர்களிலோ அது 20.3 மாதமாகக் குறைந்தது. கூடுதலாகக் கொடுத்தவர்கள் முன்னதாக இறந்தார்கள்! இதயத்தின் மீது விழுந்த கதிர் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோதும் 60 கிரே பிரிவில் நூற்றுக்கு 32 பேரும், 74 கிரே பிரிவில் 23 பேரும் உயிரோடு இருந்தார்கள். அமிர்தத்துக்கும் அளவுண்டு என்று நம் பாட்டிமார் சொல்வது வெறும் சோற்றுக்கு மட்டும் இல்லை போலும்.

இப்போது தாத்தாவிடம் வருவோம். அவருடைய நோய் மார்பைக் கடந்து விட்டது. எத்தனை கிரே வைத்தாலும் அதை வேரோடு எடுக்க முடியாத நிலை. இத்தகையவர்களுக்குச் சிகிச்சையின் நோக்கமே வேறு: இரத்தம் நிற்க வேண்டும், இருமலும் நெஞ்சு வலியும் தணிய வேண்டும், மூச்சு விட முடிய வேண்டும். அதற்கு எவ்வளவு போதும் என்று பிரிட்டனில் ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவினருக்கு 10 முறை, மொத்தம் 30 கிரே. மற்றொரு பிரிவினருக்கு ஒரு முறைக்கு 8.5 கிரே வீதம் ஒரு வார இடைவெளியில் இரண்டே முறை, மொத்தம் 17 கிரே. 1991-இல் வந்த முடிவு இது: இரு பிரிவினருக்கும் நோவு ஒரே அளவில் தணிந்தது; வாழ்ந்த காலமும் ஏறத்தாழ ஒன்றே, ஆறு மாதத்தை ஒட்டி. ஆக, எட்டு முறை கூடுதலாக மருத்துவமனைக்கு அலைந்தவர்கள் அந்த அலைச்சலைத் தவிர வேறொன்றும் பெறவில்லை.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். உடல் வலு நன்றாக உள்ளவர்களை மட்டும் எடுத்துக் கொண்டு அதே நாட்டில் இன்னோர் ஆய்வு செய்தார்கள், 1996-இல் வெளியானது. 13 முறையாக 39 கிரே பெற்றவர்கள் சராசரியாக ஒன்பது மாதமும், இரண்டு முறை பெற்றவர்கள் ஏழு மாதமும் வாழ்ந்தார்கள். தெம்புள்ளவருக்கு அந்த இரண்டு மாதம் கிடைக்கிறது. ஆனால் நோவு விரைந்து தணிந்தது இரண்டு முறைக்காரருக்குத்தான். எனவே மருத்துவர் முதலில் பார்ப்பது ஆளை. நடக்கிறாரா, படுத்த படுக்கையா, நோய் எங்கே போயிருக்கிறது, வீடு எவ்வளவு தூரம் என்றெல்லாம் கேட்கிறார். காசைப் பார்க்கவில்லை. பணக்கார நாட்டில், அரசு செலவிலேயே வைத்தியம் நடக்கும் இடத்தில் கண்டறிந்த இரண்டு முறைதான் நம் மலைத் தாத்தாவுக்கும் கிடைத்தது. முப்பது முறை வைத்திருந்தால் அவருக்கு மீதமிருந்த நாட்களில் ஆறு வாரம் மருத்துவமனைத் தாழ்வாரத்திலேயே கழிந்திருக்கும். மரவள்ளிக் கொல்லையை விட்டுவிட்டு ஒருவர் துணைக்கும் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் வீட்டார் சந்தேகப்பட்டது தவறு என்று எங்களால் சொல்ல முடியவில்லை. ஏன் இரண்டு முறை என்று அவர்களை உட்கார வைத்து யாரும் விளக்கவில்லை. ஆறு மாதம் முன்னதாகவே நோயைக் கண்டிருந்தால் அவருக்கும் முப்பது முறைக்குரிய வாய்ப்பு இருந்திருக்கலாம், அதுவும் உண்மை. இரண்டு வாரத்துக்கு மேல் விடாத இருமலுக்குக் காசநோய்ச் சோதனை செய்ய வேண்டும் என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். சளிச் சோதனையில் காசக்கிருமி இல்லை என்றாலோ, மாத்திரை உண்டும் இருமல் குறையாவிட்டாலோ மறுபடி படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. பெற்றோர்கள் இதைச் சற்று மனத்தில் வைக்க வேண்டுகிறோம். மலைக்கு இப்போது சாலை உண்டு. கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமாகி, 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் உண்டு. கதிர் வைத்தியம் நல்ல முறையில் நடக்கும் ஜிப்மர், புதுச்சேரியில் சில மணி நேரப் பயணத்தில் இருக்கிறது.

அம்மையார் கோபால்ட் இயந்திரம் வந்த பிறகு பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்தார். 1956-இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. ஆனால் அடையாற்று மருத்துவமனைக்காக நிதி கேட்டுக் கடிதம் எழுதுவதையும் ஆள் பார்க்கப் போவதையும் அவர் விடவில்லை என்று படிக்கிறோம். 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள், 82 வயது நிறைய எட்டு நாள் இருக்கையில் காலமானார். 12 படுக்கைகளோடு தொடங்கிய இடம் இன்று நாடறிந்த புற்றுநோய் நிலையம். அங்கே பலருக்குக் குறைந்த கட்டணத்திலும், இயலாதவர்களுக்குக் கட்டணமின்றியும் வைத்தியம் நடக்கிறது.

நாங்கள் படித்ததையெல்லாம் அந்த மாணவி ஒரு தாளில் எழுதி, பொங்கலுக்கு முன் வந்த விடுமுறையில் வீட்டாருக்குப் படித்துக் காட்டினாள். 74 கிரே கதையைக் கேட்டபோது அவளுடைய தந்தை இரண்டாம் முறை படிக்கச் சொன்னாராம். ஆவணியில் கரண்டு வைத்துக் கொண்ட தாத்தாவுக்கு இரண்டாம் முறை முடிந்த சில நாட்களிலேயே சளியில் இரத்தம் நின்றிருந்தது. இரவில் உட்கார்ந்தே தூங்கியவர் படுத்துத் தூங்கினார். கார்த்திகையில் சாமை அறுப்பு நடந்தபோது களத்துமேட்டில் கட்டில் போட்டு உட்கார்ந்து, போர் அடுக்குவது சரியில்லை என்று எல்லாரையும் அதட்டிக் கொண்டிருந்தார். மாசி பிறந்த பின் ஒரு விடியற்காலையில், தம் வீட்டில், பேத்தி பக்கத்தில் இருக்க இறந்தார்.